யாருமில்லாதவருக்கு நாமினி

ஷரீபாவிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் இரண்டாவது நாளே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இவர் எப்போது பேசக் கற்றுக்கொடுக்கப் போகிறார் என்று.

வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்தக் காப்பீட்டு முகமை. புதிதாகச் சேரும் முகவர்களைத் தயார்செய்வது ஷரீபாவின் வேலை. நாற்பது வயது இருக்கும். மேலப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். திட்டங்களின் பெயர்களையும் விதிகளையும் காலையிலேயே சொல்லி முடித்துவிடுவார். பிறகு நாளெல்லாம் ஒரே பயிற்சிதான். இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். பதில் முடிந்த பிறகும் கேட்டவர் உடனே வாயைத் திறக்கக் கூடாது.

"எவ்வளவு நேரம் மேடம் சும்மா இருக்கணும்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அவங்க அடுத்ததைச் சொல்லுற வரைக்கும்."

"சொல்லலைன்னா?"

"அப்பவும் இருங்க."

அந்தக் குழுவில் மூத்தவர் ஆவுடையப்பன். ஐம்பதைத் தாண்டியவர். டவுனில் ஒரு பெரிய பாத்திரக்கடையில் வாலிபத்திலிருந்து வேலை பார்த்தவர். சீர் பாத்திரம் வாங்க ஒரு குடும்பம் படியேறி வரும்போதே, அதில் முடிவெடுக்கிறவர் யார் என்று கண்டுபிடித்துவிடுவார். அவரிடம் பேசவே மாட்டார். பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவார். பெரும்பாலும் வியாபாரம் படிந்துவிடும்.

முதலாளி இறந்ததும் மகன்கள் கடையை மூடிவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் ஆவுடையப்பனின் மனைவி சண்முகவடிவு காலமாகியிருந்தாள். ஒரே மகள் புனேயில் இருந்தாள். செலவுக்கு அனுப்புகிறேன், வீட்டில் இருங்கள் என்றாள். அவருக்குச் செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. விளம்பரத்தைப் பார்த்து இங்கே வந்து சேர்ந்தார்.

அலுவலகம் திறக்கும் முன்பே வந்து படியில் நிற்பார். மாலையில் எல்லோரும் போன பிறகும் மேசையைத் துடைப்பது, மின்விசிறியை நிறுத்துவது என்று ஏதாவது செய்துகொண்டிருப்பார். ஷரீபா பூட்டை எடுத்த பிறகுதான் கிளம்புவார். தன்னைவிடப் பத்து வயது குறைந்தவரை மேடம் என்று கூப்பிடுவதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. ஷரீபா அவரை அண்ணாச்சி என்பார்.

சும்மா இருக்கும் பயிற்சி மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. எதிரில் இருப்பவர் மூச்சு விடுவதற்குள் அடுத்த வாக்கியத்தை அவரே எடுத்துக் கொடுத்துவிடுவார். பேச்சு நின்றால் ஆள் கைநழுவிப் போய்விடுவான் என்பது அவர் கடையில் கற்ற பாடம். அதை அவர் ஷரீபாவிடம் சொல்லவும் செய்தார். ஷரீபா மறுக்கவில்லை. இன்னொரு தடவை உட்காருங்கள் என்று மட்டும் சொன்னார்.

பயிற்சிக் காலத்துக்குள் ஒரு பாலிசியாவது கொண்டுவந்தால்தான் வேலை நிரந்தரம். அதற்காகத் தெருத்தெருவாக அனுப்பினார்கள். ஆவுடையப்பனுக்குப் பாளையங்கோட்டையில் சமாதானபுரம் பக்கம் கிடைத்தது. பல வீடுகளில் நாயைக் காட்டினார்கள். சில வீடுகளில் கதவைத் திறக்காமலே வேண்டாம் என்றார்கள். ஒரு வீட்டில் மட்டும், அவர் கேட்டைத் தட்டுவதற்குள் கதவு திறந்தது.

இஸ்ரவேல் ரயில்வேயில் சரக்கு ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூட இருந்த அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். காப்பீடு என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் மாறவில்லை. உள்ளே வாருங்கள், வெயிலாக இருக்கிறது என்றார்.

அன்று அவர்கள் காப்பீட்டைப் பற்றிப் பேசவில்லை. இஸ்ரவேல் தன் வேலையைப் பற்றிச் சொன்னார். சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் அவர் ஒருவர்தான். ஓட்டுநர் முன்னால் இருப்பார், ஆனால் கண்ணுக்கே எட்டாத தூரத்தில். இங்கிருந்து கொடியைக் காட்டுவார், அங்கிருந்து ஹாரன் அடிப்பார்கள். "அவ்வளவுதான் எங்களுக்குள்ள பேச்சு. சில டிரைவர் மூஞ்சியை நான் பார்த்ததே கிடையாது" என்றார். ஆவுடையப்பன் சிரித்தார். பதிலுக்குப் பாத்திரக்கடைக் கதைகளைச் சொன்னார். வெளியே வந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாளும் போனார். ஒரு திட்டத்தை விளக்க வேண்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனார். இஸ்ரவேல் இரண்டு கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். திட்டத்தைக் கவனமாகக் கேட்டார். அதற்கடுத்த நாள், சரியாக விளங்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். ஆவுடையப்பன் இன்னொரு தடவை சொன்னார். அப்படியே நாட்கள் போயின. சண்முகவடிவின் கடைசி நாட்களைப் பற்றி மகளிடம்கூடச் சொல்லாத சிலவற்றை ஒரு மாலை அவரிடம் சொன்னார். இஸ்ரவேல் அந்த வாரம் பாலிசி எடுக்கிறேன் என்றார்.

அது பத்து வருடம் கட்டுகிற சேமிப்புத் திட்டம். இஸ்ரவேலின் வயது அதன் வரம்புக்குள் மயிரிழையில் இருந்தது. தொகை பெரியது. விஷயம் எப்படியோ கிளை மேலாளர் காதுக்குப் போய்விட்டது. அவர் ஆவுடையப்பனை அறைக்குக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். இந்தக் குழுவிலேயே பெரிய வியாபாரம், உங்கள் வேலை உறுதி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அதைக் கேட்பதற்காக மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆவுடையப்பன் ஷரீபாவிடம் வந்தார். ஷரீபா எப்போதும் கடைசி மேசையில் தனியாகச் சாப்பிடுவார். ஒரு குழு போகும், அடுத்த குழு வரும். யாருடனும் சேர்ந்து சாப்பிடும் பழக்கம் அவருக்கு ஏற்பட்டதில்லை.

"ஒரு சந்தேகம் மேடம். யாருமே இல்லாதவங்களுக்கு நாமினி இடத்துல யார் பேரைப் போடுறது?"

ஷரீபா டிபன் டப்பாவை மூடினார். யாருக்கு என்று கேட்டார். ஆவுடையப்பன் உற்சாகமாக எல்லாவற்றையும் சொன்னார். ஷரீபா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவர் யாரைப் போடச் சொல்லுதாரு?"

ஆவுடையப்பன் சிரித்தார். "அதை ஏன் கேக்கிய. தனக்குப் பிறகு வர்ற பணத்துக்கு என் பேரையே போட்டுக்கிடச் சொல்லுதாரு. ஏஜெண்ட் பேரைப் போடப்பிடாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

ஷரீபா சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"வாங்க, போவோம்" என்றார்.

இருவரும் வருவார்கள் என்று இஸ்ரவேல் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையில்தான் இருந்தார். ஆவுடையப்பனுடன் வந்தவரைப் பார்த்ததும் கொஞ்சம் பதறினார். அந்த வீட்டில் கண்ணாடி டம்ளர்கள் இரண்டுதான். விருந்தாளிகள் இருவருக்கும் அவற்றில் தேநீர் கொடுத்துவிட்டு, தனக்கு ஒரு பழைய பிளாஸ்க்கின் மூடியில் ஊற்றிக்கொண்டார். இருபது வருடம் ரயிலில் இதில்தான் குடித்தேன் என்று ஷரீபாவிடம் சொன்னார்.

பாலிசிக்கான காகிதங்கள் மேசைமேல் தயாராக இருந்தன. ஷரீபா அவற்றைத் தொடவில்லை.

"சார், நான்தான் இவங்களுக்கெல்லாம் பயிற்சி குடுக்கேன். ஒரு விஷயம் சொல்லுதேன். இந்தத் திட்டம் உங்களுக்கு வேண்டாம்."

ஆவுடையப்பனின் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

ஷரீபா நிதானமாக விளக்கினார். இதில் போடுகிற பணம் பத்து வருடத்துக்கு அசையாது. நடுவில் ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்து எடுக்கப் போனால் நஷ்டம்தான். பென்ஷன் வருகிறது, வங்கியில் கொஞ்சம் இருக்கிறது. இவருக்கு அது போதும். இவருக்குப் பிறகு பணத்துக்காகக் காத்திருக்கிற வாய் எதுவும் இல்லை. அப்படியிருக்க இதற்கு அவசியமே இல்லை.

பணம் எடுக்கப் பையில் கைவிட்ட வாடிக்கையாளரிடம் ஒருவர் வாங்காதே என்று சொல்லி ஆவுடையப்பன் கேட்டதில்லை. அவர் இஸ்ரவேலின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"தெரியும்மா" என்றார் இஸ்ரவேல். "அவரு குடுத்த காகிதத்தை முதல் நாளே முழுசாப் படிச்சிட்டேன்."

பின்னே ஏன் என்று ஷரீபா கேட்கவில்லை. இஸ்ரவேலையே பார்த்தபடி இருந்தார். வெளியே ஒரு தண்ணீர் லாரி போனது. ஆவுடையப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஷரீபா லேசாகத் திரும்பிப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார். லாரியின் சத்தம் தெருக்கோடியில் போய் அடங்கியது.

"பாலிசி போட்டா..." என்றார் இஸ்ரவேல். பிளாஸ்க் மூடியை மேசையில் வைத்தார். "பிரீமியம் வாங்க வருசா வருசம் அவரு வந்துதானே ஆகணும்."



இஸ்ரவேல் எழுந்து, இன்னும் கொஞ்சம் தேநீர் கொண்டுவருகிறேன் என்று அடுப்படிக்குப் போனார். இரண்டு டம்ளர்களும் அப்போது நிறைந்துதான் இருந்தன. அவர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. ஆவுடையப்பன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

கிளம்பும்போது இஸ்ரவேல் கேட்வரை வந்தார். சிரமப்பட்டு வந்ததற்கு ஷரீபாவுக்கு நன்றி சொன்னார். ஆவுடையப்பனிடம் ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டு வருகிறேன் என்பது எல்லோரும் யோசிக்காமல் சொல்வது. தினமும் அந்தக் கேட்டில் நின்று ஆவுடையப்பன் சொன்னதுதான்.

"போயிட்டு..." என்றார் ஆவுடையப்பன்.

மீதி வரவில்லை. இஸ்ரவேல் தலையை அசைத்துவிட்டுக் கேட்டைச் சாத்தினார்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் காய்ந்தது. ஆவுடையப்பனுக்குக் கோபமா அவமானமா என்று அவருக்கே தெரியவில்லை.

"நான் ஏமாத்தலை மேடம்."

"இல்லை."

"அவராத்தான் போடுதேன்னாரு. நான் கட்டாயப்படுத்தலை."

"ஆமா."

"அந்த மாதிரி ஆளுகிட்ட வேற என்னத்தைத்தான் விக்கிறது?"

ஷரீபா பஸ் வரும் திசையைப் பார்த்தார். பிறகு ஒன்று சொன்னார். பேட்டையில் அவருக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். அவருடைய பாலிசி முதிர்ந்து, பணமும் வாங்கியாயிற்று. ஆனால் இன்றைக்கும் மாதத் தொடக்கத்தில் போன் செய்து, அடுத்த தவணை எப்போது என்று கேட்பார்.

"நீங்க என்ன சொல்லுவிய?"

"இந்த மாசம் ஒண்ணும் கட்ட வேண்டாம்னு சொல்லுவேன். சரிம்மான்னு வைச்சிருவாரு."

"முடிஞ்சுபோச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவருக்குத் தெரியும் அண்ணாச்சி."

பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. முன்பக்கம் ஷரீபாவும் பின்பக்கம் ஆவுடையப்பனும் ஏறிக்கொண்டார்கள்.

கிளை மேலாளர் அன்று மாலை ஷரீபாவைக் கூப்பிட்டுக் கடுமையாகப் பேசினார். கதவு மூடியிருந்தும் வெளியே கேட்டது. கைக்கு வந்த வியாபாரத்தைப் பயிற்சியாளரே கெடுத்தால் எப்படி என்றார். நிறுத்தியது நான்தான், அவர் பெயரில் குறை எழுத வேண்டாம் என்று ஷரீபா சொன்னதும் கேட்டது. ஆவுடையப்பனுக்கு இன்னும் ஒரு மாதம் அவகாசம் கிடைத்தது. ஷரீபாவுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் வழக்கம்போலப் பயிற்சி நடந்தது.

அந்த மாதத்தில் ஆவுடையப்பன் பரோட்டாக்கடை மாஸ்டர் ஒருவரைச் சந்தித்தார். இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன். இழுத்தடிக்கிற ஆள் போலத்தான் தெரிந்தார். ஆவுடையப்பன் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். கல்லின் முன்னே வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்ற மனிதர் வெகுநேரம் கழித்து, தன் அப்பா செத்தபோது தனக்குப் பத்து வயது என்றார். அதற்குமேல் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிறிய பாலிசிதான். அவருக்கு ஏற்ற பாலிசி. ஆவுடையப்பனின் வேலை நிரந்தரமானது. மகளுக்கு போன் செய்து சொன்னார். அவள் சந்தோஷப்பட்டாள். குழந்தை அழுகிறது, பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்தாள்.

சமாதானபுரத்துக்கு அவர் அதன்பிறகு போகவில்லை. அந்தப் பக்கம் வேலை இருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனார். எந்த முகத்தோடு போவது என்று இருந்தது. விற்கப் போனவன் விற்காமல் போய் நின்றால் அதற்குப் பெயர் என்ன என்று தெரியவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் எல்லா அறைகளிலும் விளக்கைப் போடுவார். டிவியை ஓடவிட்டுவிட்டு அடுப்படிக்குப் போவார். அங்கிருந்து பார்க்க முடியாது, சத்தம் மட்டும் வரும். இஸ்ரவேல் ஒருமுறை, ரயில் நடுக்காட்டில் சிக்னலுக்காக நின்றுவிட்டால் தான் என்ன செய்வார் என்று சொன்னது ஞாபகம் வரும். கீழே இறங்கி, பெட்டியின் சக்கரங்களைத் தட்டித்தட்டிப் பார்த்துக்கொண்டு நடப்பாராம். அது அவர் வேலை இல்லை. சும்மா சத்தத்துக்காகத்தான்.

ஒருநாள் பஸ்ஸில் போகும்போது அந்தத் தெருமுனையில் நெரிசலில் பஸ் நின்றது. ஜன்னல் வழியே பார்த்தால் இஸ்ரவேல் வீட்டுக் கேட் தெரிந்தது. அவர் கேட்டின்மேல் கைகளை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். யாரையும் தேடுகிறவர் போல இல்லை. தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். பஸ் கிளம்பிய பிறகு, திரும்பிப் பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

ஷரீபாவைத் தென்காசிக் கிளைக்கு மாற்றியிருந்தார்கள். கடைசி நாளன்று எல்லோரும் சேர்ந்து கேக் வெட்டினார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். கட்டாயம் போன் செய்கிறோம் மேடம் என்றார்கள். சரி என்றார் ஷரீபா. ஒவ்வொருவராகப் படியிறங்கிப் போனார்கள். ஆவுடையப்பன் மட்டும் நின்றார். ஷரீபா நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவரும் வந்து சேர்ந்துகொண்டார்.

பாதி அடுக்கிய பிறகு, "ஒரு சந்தேகம் மேடம்" என்றார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"இஸ்ரவேல் சார் வீட்டுக்குப் போகணும்."

ஷரீபா கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

"பாலிசி இல்லை, பிரீமியம் இல்லை. அவருக்கும் எனக்கும் ஒரு சொந்தமும் இல்லை. கேட்டைத் தட்டினா, என்ன விசயம்னு கேப்பாரு. என்ன காரணம் சொல்லுறது?"

ஷரீபா பதில் சொல்லவில்லை. ஆவுடையப்பன் இன்னும் ஏதோ சொல்ல இருப்பது தெரிந்தது.

"பாவம், தனியா இருக்கிய, துணைக்கு வந்தேன்னு சொல்லவா?"

"வேண்டாம்."

"பிறகு என்னதான் சொல்ல?"

"எனக்கு வீட்டுல தனியா இருக்க முடியலைன்னு சொல்லுங்க."

ஆவுடையப்பன் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பேச வாயெடுக்கவில்லை.